புதுப்பிப்பு: மைன்கிராஃப்ட் கணக்கு பாம்பன் பாலம் வரைக்கும் வந்தாச்சு

மண்டபத்துல ஆறாங்கிளாஸ் பிள்ளைகளுக்கு மைன்கிராஃப்ட் (பிளாக் பிளாக்கா அடுக்கிக் கட்டுற கேம்) வச்சு பரப்பளவு சொல்லிக்கொடுக்கப் போறேன்னு எழுதியிருந்தேன்ல, அதோட தொடர்ச்சி.

வீடு கட்டுறது சீக்கிரமே சலிச்சிருச்சு. "புதுப் பாலம் கட்டுவோம் சார்"னு அவங்களே ஆரம்பிச்சாங்க. 2025-ல திறந்த பாம்பன் பாலத்துல மேலே ஏறுற தூக்குப் பகுதியோட நீளம் 72.5 மீட்டர். கேம்ல ஒரு பிளாக் 1 மீட்டர். அரை பிளாக்குக்கு எங்க போறது? ஸ்லாப்னு ஒரு அரை பிளாக் இருக்கு, ஆனா அது உயரத்துலதான் பாதி. 72-ஆ 73-ஆன்னு ஒரே சண்டை. கடைசியில ஒரு பொண்ணு, "மீட்டருக்கு ரெண்டு பிளாக் வச்சா 145, முடிஞ்சுபோச்சு"ன்னு சொல்லிட்டா. விகிதப் பாடத்தை நான் இன்னும் தொடவே இல்லை!

அகலம் 5 மீட்டர்னு நாங்களா வச்சுக்கிட்டோம். அது 10 பிளாக் ஆச்சு. தளத்துக்கு 145 × 10 = 1450. "எல்லாம் ரெண்டு மடங்குதானே, பிளாக் மட்டும் ஏன் சார் நாலு மடங்கு?"ன்னான் ஒருத்தன். இந்தக் கேள்விக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன். அப்புறம், கேம்ல ஒரு அடுக்குக்கு 64 பிளாக்; அப்படி 64-64ஆ அடுக்கினா 22 அடுக்கு, மீதி 42. வகுத்தலும் ஆச்சு.

வட்டத்துக்கு மட்டும் இது சரிப்படாது, ஓரமெல்லாம் படிக்கட்டாத்தான் வரும். அதுக்குக் கடற்கரை மணல்ல குச்சியும் கயிறும் போதும்.

எத்தனை டேப்லெட் வேணும்னு கேட்டவங்களுக்கு: ரெண்டு பேருக்கு ஒண்ணு. ஒருத்தர் கட்டட்டும், இன்னொருத்தர் நோட்டுல கணக்குப் போடட்டும்.