ஞாயிறு வரை காத்திருக்கலாமா?

குடும்பக் குழு: சாட்ஸ்வர்த் ஆயா வீடு (டர்பன், தென்னாப்பிரிக்கா)

*வியாழன்*

சின்ன அத்தை (சாட்ஸ்வர்த்), காலை 6:10
அனைவருக்கும் வணக்கம். நம் பூனை மிளகு நேற்று இரவும் எதையும் உண்ணவில்லை. கடற்கரைக்கு மத்தி மீன் வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பை நிறைய வாங்கி வந்து எங்களுக்கும் கொஞ்சம் தந்தார். முள்ளெடுத்து, வேகவைத்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். முகர்ந்து பார்த்தான், உதட்டை நக்கினான், முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒவ்வொரு குளிர்காலத்திலும் அந்த வாசனை வந்ததும் அடுப்படியில் யாரையும் நிற்கவிடாதவன் அவன். மருத்துவரிடம் பேசினேன். நாளை பிற்பகல் 3 மணிக்கு வீட்டுக்கே வந்து ஊசி போட்டு அவன் துன்பத்தை முடிக்க முடியும் என்றும், முடிவை இன்று இரவுக்குள் சொன்னால் போதும் என்றும் கூறினார். இதைத் தனியாக முடிவு செய்ய எனக்கு மனம் வரவில்லை.

அண்ணன் (லெனேசியா), காலை 6:31
அத்தை, ஞாயிறு வரை பொறுக்க முடியாதா? சனிக்கிழமை இரவுப் பணி முடிந்தவுடன் கிளம்பினால் ஞாயிறு காலையில் அங்கே இருப்பேன். 2007இல் மழைநீர்க் கால்வாய் ஓரத்தில் அவனைக் கண்டெடுத்துச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தவன் நான். கறுப்புப் பூனை வீட்டுக்கு ஆகாது என்று ஆயா சொன்னபோது, தாத்தாதான் 'மிளகு' என்று பெயர் வைத்து அந்தப் பேச்சை முடித்தார். கடைசியாக ஒருமுறை அவனைப் பார்க்காமல் இருப்பது எனக்குக் கடினம்.

சித்தப்பா (பீனிக்ஸ்), காலை 6:44
வலிதான் பிரச்சினை என்றால் அரைப் பனாடோ (பாராசிட்டமால்) மாத்திரையைப் பொடித்துப் பாலில் கலந்து கொடுத்துப் பாருங்கள். ஞாயிறு வரை தாக்குப்பிடிப்பான்.

நான், காலை 6:47
சித்தப்பா, தயவுசெய்து அதை மட்டும் கொடுக்க வேண்டாம். அத்தை, மாத்திரை டப்பாவை அவனுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பாராசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்ற நம் கல்லீரல் பயன்படுத்தும் வழி பூனையின் உடலில் மிகக் குறைவாகவே இயங்குகிறது. அதனால் மருந்து நஞ்சாக மாறி, இரத்தச் சிவப்பணுக்கள் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகின்றன. அவனுடைய இன்றைய எடைக்கு அரை மாத்திரையே உயிரைப் பறிக்கும், அதுவும் மூச்சுத் திணறித் துடித்துப் போவான். வகுப்பு இடைவேளையில் விரிவாக எழுதுகிறேன்.

சித்தப்பா (பீனிக்ஸ்), காலை 6:49
தெரியாமல் சொல்லிவிட்டேன், பாப்பா. கொடுக்க வேண்டாம்.

நான், காலை 10:20
ஒண்டர்ஸ்டெபோர்ட் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இன்னும் மாணவியாக இருப்பவள் என்ற அளவில்தான் இதை எழுதுகிறேன். அவனைத் தொட்டுப் பார்த்த மருத்துவரின் சொல்லே பெரியது. ஆனால் அத்தை அனுப்பிய இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தேன். சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியாட்டினின் 640 என்று இருக்கிறது. அது 440ஐத் தாண்டினாலே சிறுநீரக நோயின் கடைசிக் கட்டமான நான்காம் கட்டம் என்று கணக்கிடுகிறார்கள். பூனையின் சிறுநீரகம் முக்கால் பங்கு செயலிழக்கும்வரை இரத்தத்தில் இந்த அளவு பெரிதாக ஏறுவதில்லை; ஆகவே நாம் நோயை அறிந்தபோதே அது நெடுந்தூரம் வந்துவிட்டிருந்தது, அதில் யாருடைய கவனக்குறைவும் இல்லை. அதன் பிறகும் இத்தனை மாதம் அவன் வெயிலில் படுத்து, மைனாக்களைப் பார்த்துப் பல்லைக் கடித்து, ஆயாவின் மடியில் உறங்கினான் என்றால், அத்தை தோலுக்கடியில் ஏற்றிய டிரிப்தான் காரணம்.

இப்போது டிரிப் ஏற்றியும் பயனில்லை. உதட்டை அடிக்கடி நக்குவது பசியின் அறிகுறியன்று, குமட்டலின் அறிகுறி. இரத்தத்தில் தேங்கிய கழிவினால் வாயில் புண் வரும். மூச்சில் சிறுநீர் வாடை அடிப்பதும் அதனால்தான். தண்ணீர்க் கிண்ணத்தின் அருகே குறுகி உட்கார்ந்துகொண்டு குடிக்காமல் இருக்கிறான் என்று அத்தை சொன்னாரே, அது வலியும் குமட்டலும் சேர்ந்த நிலை. பூனை கத்தி அழாது. நோயைக் காட்டிக்கொண்டால் பகைக்கு இரையாக வேண்டும் என்பது அதன் இரத்தத்தில் ஊறிய அச்சம். அது அமைதியாக இருப்பதைக் கண்டு நலமாக இருக்கிறது என்று நாம் எண்ணிவிடுகிறோம்.

அண்ணா, ஞாயிறு வரை அவன் உயிரோடு இருக்கக்கூடும். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் வெள்ளி இரவும் சனிக்கிழமை முழுவதும் அவனுக்கு எப்படிக் கழியும் என்பதுதான் என் கேள்வி. இடையில் வலிப்பு வந்தால், நள்ளிரவில் அவனைக் கூடையில் அடைத்து, அவன் வெறுக்கும் காரில் ஏற்றி, அறிமுகமில்லாத விளக்கு வெளிச்சத்தில் அந்நியர் கையில் விட வேண்டியிருக்கும். நாள் குறிப்பது அவன் உடலாக இருக்க வேண்டும், நம் விடுமுறையாக இருக்கக் கூடாது என்பது என் கருத்து.

பெரியப்பா (வெருலம்), காலை 10:52
பாப்பா தெளிவாக எழுதியிருக்கிறாள். இதை அளந்து பார்க்க ஏதேனும் முறை உண்டா, அல்லது மனம் சொல்வதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்களா?

நான், காலை 11:05
உண்டு, பெரியப்பா. அமெரிக்காவைச் சேர்ந்த ஆலிஸ் வில்லாலோபோஸ் என்ற கால்நடை மருத்துவர் 2004இல் வகுத்த அளவுகோலைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். வலி, பசி, நீர்ச்சத்து, தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், நல்ல நாள்கள் கெட்ட நாள்களைவிடக் கூடுதலா என்பது ஆகிய ஏழுக்கும் தலா 10 மதிப்பெண். 70க்கு 35க்கு மேல் வந்தால் தொடர்ந்து பராமரிக்கலாம் என்று பொருள். நேற்று அத்தையும் நானும் தொலைபேசியில் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தோம். அத்தை 16 போட்டார், நான் 14 போட்டேன்.

பெரியப்பா (வெருலம்), காலை 11:09
வாழ்நாள் முழுவதும் விடைத்தாள் திருத்தியவன் நான். மதிப்பெண்ணை முழுதாக நம்புவதில்லை. ஆனாலும் இருவர் தனித்தனியே திருத்தி இவ்வளவு நெருங்கி வந்தால் அதைத் தள்ளிவிட முடியாது. அம்மா என்ன சொல்கிறார்?

சின்ன அத்தை (சாட்ஸ்வர்த்), காலை 11:40
அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன்: "டர்பன் மேகசின் பேரக்ஸ் குடியிருப்பில் இருந்த காலத்திலிருந்து எங்கள் வீட்டில் பூனை இல்லாத நாள் இல்லை. வயதான பூனை தானாகவே ஒரு மூலையைத் தேடிப் போய்ப் படுத்துவிடும்; காலையில் பார்த்தால் முடிந்திருக்கும். யாரும் ஊசி போட்டதில்லை. பூனையைக் கொன்ற பாவம் ஏழு பிறவிக்கும் விடாது என்று என் அம்மா சொல்லுவார். இந்த வயதில் அதை நான் வாங்கிக்கொள்ள மாட்டேன்."

பெரியப்பா (வெருலம்), பிற்பகல் 12:25
அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டு, தங்கச்சி. 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று பிழைக்க வழியில்லாத நோயில் துடித்துக்கொண்டிருந்தது. புரண்டு படுக்கவும் அதனால் இயலவில்லை. காந்தியடிகள் ஆசிரமத்தாரோடு கலந்து பேசி, தாமே உடனிருந்து, மருத்துவரைக் கொண்டு ஊசி போட்டு அதன் துன்பத்தை முடித்தார். அகிம்சையைப் போதித்தவரே இப்படிச் செய்யலாமா என்று நாடெங்கும் கண்டனம் எழுந்தது. அவர் தம் இதழ்களில் வெளிப்படையாக எழுதித் தம் செயல் அகிம்சையே என்று வாதிட்டார், பின்வாங்கவில்லை. 1904இல் இங்கே பீனிக்ஸ் குடியிருப்பை அமைத்தவர் அவர்; நம் பாட்டனார் காலத்தவர்கள் கண்ணால் கண்ட மனிதர். துன்பத்தைக் கூட்டாமல் இருப்பதும் அறமே என்று அவர் கருதினார் என்பதை அம்மா எண்ணிப் பார்க்கட்டும்.

சின்ன அத்தை (சாட்ஸ்வர்த்), பிற்பகல் 12:58
படித்துக் காட்டினேன், அண்ணா. "காந்தி பெரியவர்தான், ஆனால் அவர் கன்றுக்கு அவர் பொறுப்பு" என்று சொல்லிவிட்டுப் பயறு ஆயப் போய்விட்டார்.

அண்ணன் (லெனேசியா), பிற்பகல் 1:15
பெரியப்பாவின் காந்திக்கே இந்த நிலை என்றால் நாங்கள் என்ன சொல்லி ஆயாவை மாற்றுவது?

சின்ன அத்தை (சாட்ஸ்வர்த்), மாலை 6:35
ஒரு செய்தி. மாலையில் மிளகு எழுந்து குளியலறைக்குப் போனான். அவன் கிண்ணத்தில் குடிப்பதைவிடக் குழாயில் சொட்டும் நீரையே விரும்புபவன். அதற்காகவே அப்பா அங்கு ஒரு முக்காலி போட்டிருந்தார். அதில் ஏற முயன்று முடியாமல் கீழேயே உட்கார்ந்துவிட்டான். அம்மாதான் தூக்கிக் குழாயருகே பிடித்தார். ஒரு சொட்டு நாக்கில் பட்டதும் தலையை உதறிக்கொண்டு, வாயைக் காலால் தேய்த்தான். அம்மா அவனை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே இருந்தார். பிறகு என்னை அழைத்து இதை எழுதச் சொன்னார்: "மருத்துவரை வரச் சொல். தாகத்தோடு தண்ணீரிடம் வந்து குடிக்க முடியாமல் திரும்புவதை நான் இன்னொரு நாள் பார்க்க மாட்டேன். காந்தி செய்தார் என்பதற்காக நான் சொல்லவில்லை என்று பெரியவனிடம் சொல். பாவம் என்றால் என் தலையில் இருக்கட்டும். எனக்கு 83 வயதாகிறது, அதைச் சுமக்க எனக்கு அதிக நாள் இல்லை."

பெரியப்பா (வெருலம்), மாலை 6:41
அம்மாவின் விருப்பப்படியே நடக்கட்டும்.

அண்ணன் (லெனேசியா), மாலை 7:02
ஆயா சொன்ன பிறகு நான் மறுக்கவில்லை. நாளை 3 மணிக்குக் காணொளியில் என்னை அழைக்க முடியுமா?

நான், மாலை 7:10
அண்ணா, இன்று இரவே அழைத்துப் பேசுங்கள். நாளை அந்த நேரத்தில் உங்கள் குரலைக் கேட்டால் அவன் எழுந்து தேட முயல்வான். நீங்கள் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கலாம், ஒலியை மட்டும் அடைத்துவிடுங்கள்.

அத்தை, என்ன நடக்கும் என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன், மருத்துவரும் சொல்வார். முதலில் ஒரு மயக்க ஊசி போடுவார்கள். சில நிமிடங்களில் ஆழ்ந்து உறங்கிவிடுவான். பிறகு முன்னங்கால் இரத்தக்குழாயில் மயக்கமருந்தையே மிகை அளவில் செலுத்துவார்கள். சிறிது நேரத்தில் இதயம் நின்றுவிடும். கண்கள் மூடாது. நின்றபின்னும் ஒரு மூச்சு இழுப்பதைப் போலவோ, தசை துடிப்பதைப் போலவோ தோன்றலாம், சிறுநீர் கழியலாம். அவன் உணர்ந்து செய்வதன்று அது, அஞ்ச வேண்டாம். ஒரு துண்டை அடியில் விரித்து வையுங்கள்.

குட்டிப் பெண்ணிடம் "தூங்க வைக்கப் போகிறார்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஏழு வயதுக் குழந்தை நாளைக்குத் தூங்கவே பயப்படும். மிளகுக்கு உடம்பு சரியாகாது, அவன் சாகப் போகிறான், வலிக்காமல் இருக்க மருத்துவர் உதவுகிறார் என்று நேரடியாகச் சொல்லுங்கள். இருக்க விரும்பினால் இருக்கட்டும், வேண்டாமென்றால் வெளியே விளையாடட்டும்.

சித்தப்பா (பீனிக்ஸ்), மாலை 7:25
குழி வெட்டுவது என் பொறுப்பு. கீழ்க்கரை ஓரம் மண் இளகியிருக்கிறது, அங்கே வெட்டட்டுமா?

நான், மாலை 7:31
அந்தக் கரை வேண்டாம், சித்தப்பா. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் அதில் பாதி சரிந்து போனதை நாம் பார்த்தோம். கறிவேப்பிலை மரத்துக்கு மேற்புறம் சமதரையாக இருக்கிறது. ஒரு மீட்டர் ஆழமாவது வேண்டும். ஊசி மருந்து உடலில் நெடுநாள் தங்கும், நாய் தோண்டித் தின்றால் அதன் உயிருக்கும் ஆபத்து. பிளாஸ்டிக்கில் சுற்றாமல் பருத்தித் துணியில் சுற்றுங்கள்.

*வெள்ளி*

சின்ன அத்தை (சாட்ஸ்வர்த்), பிற்பகல் 3:50
மிளகு 3:25க்குப் போய்விட்டான். அம்மாவின் மடியிலேயே இருந்தான். மயக்க ஊசி போட்டபோது சிறிதாக ஒருமுறை சீறினான். "அதுதான் என் பிள்ளை" என்று அம்மா சொன்னார். கூரையில் குரங்குக் கூட்டம் தாவிய சத்தம் கேட்டும் அவன் காது அசையவில்லை, அப்போது அவன் நன்றாக உறங்கிவிட்டான் என்று தெரிந்தது. பாப்பா சொன்னபடியே எல்லாம் நடந்ததால் எனக்குக் கை நடுங்கவில்லை. குட்டி கடைசிவரை வாலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் (லெனேசியா), பிற்பகல் 3:54
பார்த்துக்கொண்டிருந்தேன், அத்தை. நன்றி.

சித்தப்பா (பீனிக்ஸ்), மாலை 5:20
அடக்கம் முடிந்தது. அப்பாவின் பழைய வேட்டியை அம்மா எடுத்துக் கொடுத்தார். மேலே கனமான கற்பலகை வைத்திருக்கிறேன்.

*சனி*

சின்ன அத்தை (சாட்ஸ்வர்த்), காலை 9:15
அண்ணா, தீட்டு உண்டா என்று அம்மா கேட்கிறார். ஆடிக் கூழ் ஊற்றும் வேலைக்குக் கோயிலில் பெயர் கொடுத்திருக்கிறார்.

பெரியப்பா (வெருலம்), காலை 9:32
வளர்ப்பு உயிருக்குத் தீட்டு சொல்லும் வழக்கம் நம் வீட்டில் இல்லை. தாராளமாகப் போகலாம். மனம் இல்லையென்றால் போகாமலும் இருக்கலாம்.

நான், காலை 9:40
அத்தை, பிரிக்காத டிரிப் பைகளையும் சிறுநீரக உணவு டப்பாக்களையும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள்; வாங்க வசதியில்லாதவர் யாருக்காவது உதவும். பிரித்தவற்றைத் தூக்கி எறிந்துவிடுங்கள். ஊசிகளைக் குப்பையில் போடாமல் மூடியுள்ள கெட்டி டப்பாவில் போட்டு அவரிடமே ஒப்படையுங்கள்.

பெரியப்பா (வெருலம்), காலை 9:58
மருத்துவர் கட்டணத்தைப் பிள்ளைகள் எல்லோரும் சமமாகப் பிரித்துக்கொள்வோம். தங்கச்சி, கணக்கை அனுப்பு.

சின்ன அத்தை (சாட்ஸ்வர்த்), காலை 10:06
அம்மா தம் ஓய்வூதியத்திலிருந்து நேற்றே கொடுத்துவிட்டார், அண்ணா. யாரிடமும் ஒரு காசு வாங்கக் கூடாது என்கிறார்.

அண்ணன் (லெனேசியா), காலை 10:11
நாளை வரும்போது நான் ஆயாவிடம் பேசி வாங்கிக்கொள்ளச் செய்கிறேன்.

பெரியப்பா (வெருலம்), காலை 10:14
வேண்டாம். அவரே கொடுத்ததாக இருக்கட்டும்.