மூக்கு மேடு, மூக்கடைப்பு: ஆபரேஷன் செய்தவர்கள் சொல்லுங்களேன்

கேள்வி: திருப்பாதிரிப்புலியூர் பெண்

எனக்கு 26 வயது. ஒன்பதாவது படிக்கும்போது சைக்கிளோடு விழுந்ததில் மூக்குத்தண்டில் ஒரு மேடு. பள்ளிக்கூடத்தில் 'கிளிமூக்கு' என்றே பேர் வைத்துவிட்டார்கள். இடது பக்கம் எப்போதும் அடைப்பு. வாயைத் திறந்துகொண்டுதான் தூங்குகிறேன். மூக்குத்தி போட்டால் மேடு தெரியாது என்றார் அம்மா. போட்டேன், மூக்குத்தியோடு சேர்ந்து மேடும் மின்னுகிறது. ஆபரேஷன் என்றாலோ, "சாமி கொடுத்த மூக்கைத் தொடாதே" என்கிறார்.

போன வாரம் பாண்டியில் ஒரு தனியார் கிளினிக்கில் கேட்டேன். கம்ப்யூட்டரில் என் மூக்கை நேராக்கிக் காட்டிவிட்டு, தேதி குறிக்கலாமா என்றார்கள். மூக்குக்குள் டார்ச் அடித்துக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் படத்தை நம்பலாமா? எத்தனை நாள் லீவு போட வேண்டும்?

பதில்: முத்தியால்பேட்டை அண்ணன்

டார்ச் அடிக்காத இடத்தில் தேதி வாங்காதே தங்கச்சி. எனக்கு நாலு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. மயக்க மருந்தில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் கண்ணாடியில் பார்த்தால் இரண்டு கண்ணுக்குக் கீழேயும் கத்தரிக்காய் நிறம். மேட்டைச் சீவியபின் பக்கத்து எலும்பை உடைத்து நெருக்கி வைத்தார்கள், அதனால்தான். ஒரு வாரம் மூக்கின் மேல் கட்டு. மீன்குழம்பு வாசனை தெரியாமல் சாப்பிட்டதுதான் பெரிய தண்டனை. மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். இரண்டு வாரம் லீவு போடு. நுனியில் இருந்த வீக்கம் முழுசாக வடிய ஒரு வருஷம் ஆனது. அதுவரை தினமும் செல்ஃபி எடுத்துப் பார்த்து நொந்துகொண்டதுதான் மிச்சம்.

பதில்: சில்வர் பீச்

கத்தியே வேண்டாம், ஃபில்லர் ஊசி போட்டால் அரை மணியில் நேராகிவிடும் என்கிறார்களே?

பதில்: பழைய நர்ஸ்

சில்வர் பீச், ஊசி பள்ளத்தை நிரப்பும், மேட்டைக் குறைக்காது. அடைப்புக்கும் உதவாது. மருந்து ரத்தக்குழாய்க்குள் போய்விட்டால் தோல் அழுகலாம், கண் பார்வையே போகலாம்.

கேட்ட பெண்ணுக்கு: உங்களுக்கு இருப்பது இரண்டு பிரச்சினையாக இருக்கலாம். வெளியே மேடு, உள்ளே நடுச்சுவர் வளைவு, அதைத்தான் டி.என்.எஸ். என்பார்கள். இரண்டையும் ஒரே ஆபரேஷனில் சரிசெய்ய முடியும். மேட்டை மட்டும் அளவுக்கு மீறிச் சீவினால் உள்வழி குறுகி அடைப்பு கூடிவிடும். கம்ப்யூட்டர் படம் ஆசையைச் சொல்லத்தான், உங்கள் தோலின் கனமும் தழும்பு ஆறும் விதமும் அதற்குத் தெரியாது. இன்ஷூரன்ஸில் வெறும் அழகுக்கென்றால் பெரும்பாலும் பணம் வராது, மூச்சுப் பிரச்சினைக்குப் பல பாலிசிகளில் வரும். எதற்கும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆஸ்பிரின் மாதிரி ரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரை ஏதாவது சாப்பிட்டால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். ஆபரேஷனன்று மூக்குத்தி இருக்கக் கூடாது.

அம்மாவிடம் சொல்லுங்கள், அறுந்த மூக்கைக் கன்னத்துத் தோலால் கட்டும் முறை நம்ம பழங்கால ஆயுர்வேத நூலான சுஸ்ருத சம்ஹிதையிலேயே இருக்கிறது.

கேள்வி கேட்டவர்

நன்றி அண்ணா, நன்றி அக்கா. முதலில் ஜிப்மரில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுகிறேன், தேதியெல்லாம் அப்புறம். அம்மாவும் கூட வருகிறாராம், சுஸ்ருதர் வேலை செய்துவிட்டார். மூக்குத்தியின் திருகாணிதான் இறுகிக் கிடக்கிறது. தேங்காய் எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன்.