மூன்று வயதுக் குதிரைகளின் டிராக்வொர்க் டைமை எந்த அளவுக்கு நம்பலாம்? (மகாலட்சுமி கினீஸ் ரேஸ்களுக்கு முன்)

வேளச்சேரி_57:
டிசம்பர்ல மும்பை மகாலட்சுமியில் நடக்கிற இந்தியன் 1000 கினீஸ், 2000 கினீஸ் ரெண்டையும் இந்த முறை முன்கூட்டியே படிச்சு வைக்கணும்னு பார்க்கிறேன். ரெண்டுமே 1600 மீட்டர், மூணு வயசுக் குதிரைங்க. சிக்கல் என்னன்னா பல குதிரைங்க அதுவரைக்கும் ரெண்டோ மூணோ ரேஸ்தான் ஓடியிருக்கும், சிலது 1400-ஐத் தாண்டியே இருக்காது. கையில் இருப்பது பேப்பரில் வரும் டிராக்வொர்க்கும் (காலைப் பயிற்சி ஓட்டம்) மாக் ரேஸும் (ஒத்திகை ரேஸ்) தான். காலையில் 1000 மீட்டரை 1-6-ல் (ஒரு நிமிஷம் 6 வினாடி) முடிச்ச குதிரை ரேஸில் ஆறு லெங்த் (ஒரு லெங்த்னா ஒரு குதிரை நீளம்) பின்னாடி வருது, 1-8 போட்டது சுலபமா ஜெயிக்குது. டைமை எப்படிப் படிக்கணும்? வேற எதையெல்லாம் பார்க்கணும்?

மணல்தடம்:
மொத்த டைமைப் பார்ப்பதுதான் தப்பு. பக்கத்தில் 600-க்குத் தனியாக ஒரு எண் போட்டிருப்பார்கள், முதலில் அதைப் பாருங்கள். இன்னர் சாண்டில் (உட்புற மணல் தடத்தில்) ஒரு குதிரை 1000 மீட்டர் 1-6, 600/40 என்று வைத்துக்கொள்வோம். முதல் 400-ஐ 26 வினாடியில் ஓடிவிட்டு, கடைசி 600-க்கு 40 எடுத்திருக்கிறது. நூறு மீட்டருக்கு 6.5 வினாடி என்று ஆரம்பித்தது 6.7-க்கு வந்துவிட்டது, அதாவது வேகம் குறைந்துகொண்டே போயிருக்கிறது. இன்னொன்று 1-8, 600/39. முதல் 400-க்கு 29 எடுத்துக்கொண்டு, பின்பகுதியில் நூறுக்கு 6.5-ஆக வேகம் கூட்டியிருக்கிறது. மொத்தத்தில் இரண்டு வினாடி பின்தங்கினாலும் கடைசி 600-ல் ஒரு வினாடி முந்தி. அந்த வேகத்தில் ஒரு வினாடி என்பது கிட்டத்தட்ட ஆறு லெங்த். 1600-க்கு எனக்கு இரண்டாவது குதிரைதான்.

அடுத்தது, எந்தத் தடம் என்பது. பெங்களூரு அவுட்டர் சாண்டில் (வெளிப்புற மணல் தடத்தில்) 600-க்கு 44, 45 மோசமில்லை. அதே எண் இன்னர் சாண்டில் வந்தால் குதிரை சும்மா நடைபயின்றது என்று அர்த்தம். இரண்டையும் ஒரே பத்தியில் எழுதி வைத்துக் குழம்புகிறவர்கள் அதிகம். மணலைக் கிளறிவிட்ட உடனே ஓடியதா, நாற்பது குதிரை மிதித்த பிறகு ஓடியதா என்பதும் பேப்பரில் வராது. ஆகவே வேறு வேறு நாளின் டைமை ஒப்பிடாமல், அதே காலை அதே தடத்தில் ஓடிய மற்ற குதிரைகளோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

மூன்றாவது, மேலே யார். பெயருக்குப் பக்கத்தில் 'ரைடிங் பாய்' என்ற குறி இருந்தால், ஜாக்கியைவிட ஐந்தாறு கிலோ கூடுதலான ஆளாக இருக்கலாம், சேணமும் கனமானது. 'ஈசி', 'அன்எக்ஸ்டெண்டட்' என்று எழுதியிருந்தால் குதிரையிடம் வேகம் கேட்கவே இல்லை. 'புஷ்டு' என்றால் கையும் காலும் அசைந்திருக்கிறது. 600/39 'புஷ்டு' என்பதைவிட 600/40 'ஈசி' எனக்குப் பெரிது. இரண்டு குதிரை சேர்ந்து ஓடி 'லெவல்' என்று வந்தால், கூட ஓடியது எந்த கிளாஸ் குதிரை என்று தேடுங்கள் (கிளாஸ் எண் குறையக் குறையத் தரம் கூடும்). மூன்று வயதுக் குதிரை கிளாஸ் இரண்டு குதிரையோடு அசையாமல் லெவலாக வந்தால் அது தனிச் செய்தி.

கிண்டிக்காரன்:
மணல்தடம் சொன்னது சரி. மாக் ரேஸைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். அது பெரும்பாலும் குதிரைக்கு ஸ்டார்ட்டிங் கேட்டைப் பழக்கவும், கூட்டத்தில் ஓடப் பழக்கவும்தான். எடை சரியாக இருக்காது, பல டிரெயினர்கள் கேட்டிலிருந்து கிளம்பினால் போதும் என்று சொல்லி அனுப்புவார்கள். அதில் கிடைக்கிற இடத்தை விட்டுவிடுங்கள். கேட்டில் நின்ற விதம், முகத்தில் மண் அடித்தபோது தலையைத் தூக்கியதா, நடுவில் மாட்டிக்கொண்டபோது ஜாக்கியோடு மல்லுக்கட்டியதா, இவைதான் விஷயம். முதல் 800-ல் கடிவாளத்தை இழுத்து மல்லுக்கட்டும் குதிரை 1200-ல் தப்பிவிடும். 1600-ல் கடைசி 200-ல் நின்றுபோகும்.

ரேஸ் ஃபார்முக்கு வருவோம். மெய்டன் ரேஸில் (இதுவரை ஜெயிக்காத குதிரைகளுக்கான ரேஸ்) ஐந்து லெங்த் வித்தியாசம் என்பதை வைத்து எதுவும் முடிவு கட்ட முடியாது. அன்று பின்னால் வந்தவை பிறகு என்ன செய்தன? இரண்டாவது, மூன்றாவது, நான்காவது வந்த குதிரைகள் அடுத்தடுத்து ஜெயித்தால் அந்த மெய்டன் கனமான ரேஸ். நான்கும் கிளாஸ் ஐந்தில் தடுமாறிக்கொண்டிருந்தால் ஐந்து லெங்த்துக்கு மதிப்பில்லை.

குதிரை சுமக்கும் எடைக் கணக்கு சுலபம். 1000 மீட்டரில் ஒரு லெங்த் ஏறக்குறைய 1.4 கிலோ, 1600-ல் 0.9, 2400-ல் 0.7 என்று வைத்துக்கொள்ளலாம். நம்மூர் ஹேண்டிகேப்பில் (திறமைக்கேற்ப எடை ஏற்றும் முறை) ஒரு ரேட்டிங் புள்ளிக்கு அரை கிலோ. 70 ரேட்டிங் குதிரையும் 60 ரேட்டிங் குதிரையும் கினீஸில் சம எடையில் ஓடினால், பத்துப் புள்ளி ஐந்து கிலோ, 1600-ல் ஐந்தரை லெங்த். காகிதத்தில் 70-க்காரன் அவ்வளவு மேலே. ஆனால் இளங்குதிரைக்கு ரேட்டிங் எப்போதும் பின்தங்கியே வரும். இரண்டு ரேஸ் ஓடி இரண்டையும் இழுத்துப் பிடித்து ஜெயித்த குதிரைக்கு ஹேண்டிகேப்பர் போட்ட 60, அது காட்டியதற்கான எண். காட்டாமல் வைத்திருப்பதற்கு எண் கிடையாது.

வேளச்சேரி_57:
அப்போ ரேஸ் டைம்? அது டிராக்வொர்க்கைவிட நம்பகமானதா?

கிண்டிக்காரன்:
தனியாக எடுத்தால் அதுவும் ஏமாற்றும். மெய்டனில் யாரும் முன்னால் போக மாட்டார்கள், முதல் 800 ஊர்வலம், கடைசி 600-ல் ஸ்பிரிண்ட். டைம் மோசமாக இருக்கும், ஜெயித்த குதிரை நல்லதாகவும் இருக்கலாம். அதே நாள், அதே தூரத்தில் கிளாஸ் மூன்று ரேஸ் ஓடியிருந்தால் அதோடு வைத்துப் பாருங்கள். எடை வித்தியாசத்தை மேலே சொன்ன கணக்கில் கழித்துவிட்டு, மூன்று வயதுக் குதிரை சமமாக வந்தால் குறித்து வையுங்கள். பால்ஸ் ரெயில் (தற்காலிக உள்வேலி) போட்டிருந்தார்களா, பெனிட்ரோமீட்டர் (தரையின் இறுக்கத்தை அளக்கும் கருவி) எண் என்ன என்பதும் தேவை. எண் ஏற ஏறத் தரை மெது, டைம் நீளும். புணே மழைக்காலத் தரையில் பிரமாதமாக ஓடியது மும்பையின் காய்ந்த தரையில் அதையே செய்யும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

லாயம்:
எல்லோரும் எண்ணிலேயே நிற்கிறீர்கள். குதிரையைக் கண்ணால் பார்க்காமல் முடிவு கட்டாதீர்கள். பேடக்கில் (ரேஸுக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் இடம்) நடையைக் கவனியுங்கள். முன்கால் குளம்பு பட்ட இடத்தைத் தாண்டிப் பின்கால் குளம்பு விழ வேண்டும். ஒரு சாண் தாண்டினால் நல்ல நீட்டு நடை. குட்டையாக, குத்திக் குத்தி வைத்தால் முன்கால் எலும்பில் வலி இருக்கலாம். இளங்குதிரைகளுக்கு முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வரும் 'ஷின்' வலி சகஜம். எலும்பு வேலைக்குப் பழகும் முன்னே வேகம் கூட்டினால் வரும், ஓய்வு கொடுத்தால் தணியும். ஆனால் அந்த ஓய்வு வாரக்கணக்கில் போகும். டிராக்வொர்க் வரிசையில் திடீரென்று மூன்று வாரம் பெயர் காணாமல் போயிருந்தால் அதை ஒரு கேள்வியாக வையுங்கள்.

வயிறு ஒட்டி, விலாவுக்குப் பின்னால் குழி விழுந்திருந்தால் வேலை அதிகமாகிவிட்டது. கடைசி ஓரிரண்டு விலா லேசாகத் தெரிவது சரியான பக்குவம். பின்புறம் முதுகுத் திமிலைவிட உயர்ந்திருந்தால் இன்னும் வளர்கிறது, அடுத்த சீசன் குதிரை.

வியர்வை பற்றி நம்மூர்க்காரர்களுக்கு ஒரு தப்புக் கணக்கு உண்டு. சென்னைப் புழுக்கத்தில் கழுத்து நனைவது சாதாரணம். பின்தொடைகளுக்கு நடுவே வெள்ளை நுரை கட்டினால்தான் பதற்றம். இதைவிட மோசம், வியர்க்கவே வியர்க்காதது. புழுக்கமான ஊரில் சில குதிரைகளுக்கு வியர்ப்பது நின்றுவிடும், 'டிரை கோட்' என்பார்கள். தோல் காய்ந்து, மூக்குத் துவாரம் விரிந்து, ஓடி முடித்து வெகுநேரம் மூச்சு வாங்கும். உடல் சூடு இறங்க வழியில்லை. கிண்டியில் மந்தமாக இருந்த அப்படியொரு குதிரை, ஈரப்பதம் குறைந்த இடத்துக்குப் போனதும் வேறு குதிரையாக ஓடலாம். பழைய ஃபார்மை வைத்துத் தள்ளிவிடாதீர்கள்.

லாடத்தையும் பாருங்கள். காலை வேலைக்கு இரும்பு, ரேஸுக்கு அலுமினியம் என்று மாற்றுவது வழக்கம். முதல்முறையாக அலுமினியமோ பிளிங்கர்ஸோ (கண் ஓர மறைப்பு) போடுகிறார்கள் என்றால் டிரெயினர் ஏதோ எதிர்பார்க்கிறார்.

பெடிகிரி_பைத்தியம்:
1400-க்கு மேல் ஓடாத குதிரை 1600-ல் நிற்குமா என்பதற்குத் தகப்பன் பெயரை மட்டும் பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள். தாயையும், தாயின் மற்ற குட்டிகள் எந்தத் தூரத்தில் ஜெயித்தன என்பதையும் பாருங்கள். வம்சாவளி, பிறந்த தேதி எல்லாம் ஸ்டட் புக் அத்தாரிட்டி ஆஃப் இந்தியா பதிவில் கிடைக்கும். 2010-ல் டப்ளின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மயோஸ்டாட்டின் (தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும்) ஜீனைத் தூரத்தோடு இணைத்துக் காட்டினார்கள். சி-சி என்றால் குறுந்தூரம், சி-டி நடுத்தூரம், டி-டி நெடுந்தூரம். இந்த ரிசல்ட் நம் கையில் வராது. ஆனால் ஒன்று புரிகிறது: சி-டி உள்ள தாயும் தகப்பனும் சேர்ந்தால் மூன்று வகையில் எதுவும் பிறக்கலாம். உடன்பிறந்தது ஸ்பிரிண்டர் என்பதால் இதுவும் ஸ்பிரிண்டர் என்று சொல்ல முடியாது.

பிறந்த மாதமும் முக்கியம். எல்லாக் குதிரைக்கும் ஜனவரி 1 தான் பிறந்தநாள். ஜனவரியில் பிறந்ததும் மே மாதம் பிறந்ததும் ஏட்டில் ஒரே வயது.

மணல்தடம்:
உண்மைதான், ஆனால் டிசம்பருக்குள் அந்த வித்தியாசம் தேய்ந்துவிடும். அப்போது ஜனவரிக் குட்டிக்கு 47 மாதம், மேக் குட்டிக்கு 43. இரண்டு வயது ரேஸில்தான் நான்கு மாதம் மலை. கினீஸுக்கு இதை இப்படிப் பயன்படுத்தலாம்: மே மாதக் குட்டி புணேயில் ஜூலை, ஆகஸ்டில் தோற்றிருந்தால் அந்தத் தோல்விக்குப் பாதி மதிப்பு கொடுங்கள். ஜனவரிக் குட்டி அப்போதே முழுதாக வளர்ந்து ஜெயித்திருந்தால், அதற்கு மேல் ஏற இடமிருக்கிறதா என்று கேளுங்கள். பிப்ரவரி முதல் ஞாயிறு இந்தியன் டெர்பி வரும்போது அதே குதிரைகளுக்கு நான்கு வயது, தூரமும் 2400. அங்கே கணக்கு மறுபடி மாறும்.

வேளச்சேரி_57:
கடைசியா ஒண்ணு. நல்ல ஃபில்லியை (இளம் பெண் குதிரையை) பெண் குதிரைங்களுக்கான 1000 கினீஸில் விடாமல் 2000-ல் ஆண் குதிரைகளோடு விட்டால் எப்படி எடுக்கணும்?

கிண்டிக்காரன்:
ஃபில்லிக்கு ஒன்றரை கிலோ சலுகை. 1600-ல் அது ஒன்றே முக்கால் லெங்த்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்தச் சலுகையைத் தாண்டி அவள் மேலே இருந்தால்தான் டிரெயினர் ஆண்களோடு விடுவார். பெண்கள் ரேஸில் சுலபமாகக் கிடைக்கும் பரிசை விட்டுவிட்டு வருவதால், முதலில் அந்த நுழைவை மதியுங்கள். 1943-ல் நடந்த முதல் இந்தியன் டெர்பியை ஜெயித்த பிரின்சஸ் பியூட்டிஃபுல்லே ஃபில்லிதான். ஆனால் அதே டிரெயினரிடம் 1000 கினீஸுக்கு இன்னொரு நல்ல ஃபில்லி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஒன்றையொன்று மோதவிடாமல் பிரித்துவிட்டிருக்கலாம். அப்போது அந்த நுழைவுக்கு அவ்வளவு அர்த்தம் கிடையாது.