ரிமோட் சாவியில் புது செல் பத்தே நாளில் தீர்ந்துபோகுது, எங்க கசியுது?

காசிமேடு_ஐஸ்பெட்டி

2017 மாடல் ஹேட்ச்பேக். மடிக்கிற சாவி, லாக், அன்லாக், டிக்கின்னு மூணு பட்டன். உள்ள சிஆர்2032 செல். ஒன்றரை மாசத்துல மூணு செல் மாத்தியாச்சு. போட்ட அன்னிக்குத் தெருமுனையில இருந்து அமுக்கினாலும் கதவு திறக்குது. ஒரு வாரம் போனா வண்டிகிட்ட போய் ரெண்டு மூணு தடவை அமுக்கணும். பத்தாம் நாள் சாவியில இருக்கிற சிவப்பு லைட்டே எரியறதில்ல. ஆனா சாவியைப் போட்டுத் திருப்பினா எப்பவும் ஸ்டார்ட் ஆகுது. ஸ்பேர் சாவி பீரோவுல இருக்கு, அதுல எந்தத் தொல்லையும் இல்ல.

விடியக்காலையில மீன் ஏலத்துக்குப் போற வண்டி. ஐஸ் தண்ணி, உப்புத் தண்ணி பட்ட கையாலதான் சாவியை எடுக்கிறது வைக்கிறது எல்லாம். கடையில கேட்டா புது சாவி வாங்கி ப்ரோகிராம் பண்ணணுமாம். அதுக்கு முன்னாடி வீட்லயே என்ன பார்க்கலாம்? மல்டிமீட்டர் இருக்கு.

மூன்றுவோல்ட்

புது சாவிக்குப் பணம் கட்டாதீங்க, பாதி விடை நீங்க எழுதினதுலயே இருக்கு. ஸ்பேர் சாவி வேலை செய்யுது, அதனால வண்டியில இருக்கிற ரிசீவர் சரி. வண்டி ஸ்டார்ட் ஆகுது, அதனால இது சரியான சாவிதான்னு வண்டிக்குச் சொல்ற இம்மொபிலைசர் சிப் சரி. அந்தச் சிப்புக்கு செல்லே தேவையில்லை. சாவித் துவாரத்தைச் சுத்தி இருக்கிற கம்பிச்சுருள் (காயில்) 125 கிலோஹெர்ட்ஸ்ல அனுப்புற சக்தியை வாங்கித்தான் அது பதில் சொல்லும். புது செல் போட்ட அன்னிக்கு ரிமோட் நல்லா வேலை செய்யுது, அதனால ப்ரோகிராமும் அழியல. மிச்சம் இருக்கிறது ஒண்ணுதான்: நீங்க பட்டனைத் தொடாதபோதும் போர்டு செல்லைக் குடிச்சுக்கிட்டே இருக்கு.

கணக்குப் போட்டுப் பாருங்க. நல்ல சிஆர்2032 சுமார் 225 மில்லி ஆம்பியர்-மணி கொடுக்கும். பத்து நாள்னா 240 மணி நேரம். வகுத்தா ஒரு மில்லி ஆம்பியருக்குக் கொஞ்சம் கீழ வருது. ஒழுங்கான சாவி சும்மா இருக்கும்போது சில மைக்ரோ ஆம்பியர்தான் எடுக்கும். உங்களுது அதைப் போல சில நூறு மடங்கு எடுக்குது. 3 வோல்ட்டுல 1 மில்லி ஆம்பியர் ஓடணும்னா பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவுல 3 கிலோ ஓம் அளவுக்கு ஒரு பாதை இருக்கணும். அந்தப் பாதை உப்புன்னுதான் நினைக்கிறேன். காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா உப்பு தானாவே ஈரத்தை இழுத்து நீர்த்துப்போகும். கடலோரத்துல பாதி ராத்திரி அப்படித்தான் இருக்கும்.

அளந்தே உறுதி பண்ணலாம். சாவியைத் திறந்து, செல்லோட பிளஸ் முகத்துக்கும் அதைத் தொடுற தகட்டுக்கும் நடுவுல சின்னக் காகிதத் துண்டு சொருகுங்க. மீட்டரை மில்லி ஆம்பியர் ரேஞ்சுல வச்சு, சிவப்பு முனையைச் செல்லோட பிளஸ்லயும் கறுப்பு முனையைத் தகட்டுலயும் வைங்க. 0.05க்குக் கீழ காட்டினா மட்டும் மைக்ரோ ஆம்பியர் ரேஞ்சுக்கு இறங்குங்க. அந்த ரேஞ்சுல இருக்கும்போது பட்டனை அமுக்க வேண்டாம். மீட்டரே வோல்ட்டைத் தின்னுடும், தப்பான அளவு வரும்.

வியாசை_வீல்

சிலிகான் கவர் போட்டிருக்கீங்களா? இருந்தா முதல்ல கழட்டுங்க. உள்ள போன தண்ணி வெளிய வர வழியில்லாம அங்கயே தங்கிடும். கவர் இறுக்கமா இருந்தா ஏதாவது ஒரு பட்டனை எப்பவும் லேசா அமுக்கிக்கிட்டும் இருக்கும், அதுவும் செல்லைக் காலி பண்ணும். இந்த ரெண்டாவது காரணம்னா கவரைக் கழட்டின உடனே மூன்றுவோல்ட் சொன்ன அளவு கீழ இறங்கிடும்.

இன்னொண்ணு. செல்லைக் கழட்டி ஒரு நிமிஷத்துக்குள்ள போடலைன்னா ப்ரோகிராம் போயிடும்னு பயமுறுத்துவாங்க. பெரும்பாலான சாவியில கோட் எண் மின்சாரம் இல்லாமலே அழியாத மெமரியில இருக்கு. நாள் கணக்கா செல் இல்லாம வச்சாலும் ஒண்ணும் ஆகாது. நிதானமா வேலை செய்யுங்க.

காசிமேடு_ஐஸ்பெட்டி

கவர் இருந்தது, கழட்டிட்டேன். உள்பக்கம் வெள்ளையா படிஞ்சிருந்தது. கவர் இல்லாமலே அளந்தேன், 0.82 மில்லி ஆம்பியர். செல் உட்கார்ற இடத்துக்குக் கீழ பச்சை பூத்திருக்கு. 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்கி பஞ்சால நல்லாத் துடைச்சேன், 0.30க்கு வந்துச்சு. சந்தோஷமா மூடி வச்சா, மறுநாள் காலையில 0.70!

பாரிமுனை_ஈயப்பத்து

ஆல்கஹாலில் உப்பு கரையாது. எண்ணெய், பிசின், ஃபிளக்ஸ் (சால்ட்ரிங் செய்யும்போது பூசும் பசை) எல்லாம் கரையும், உப்பு மட்டும் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். உங்கள் பஞ்சு உப்பை இடம் மாற்றியிருக்கிறது, ஈரத்தை வெளியேற்றியிருக்கிறது. அதனால்தான் அளவு இறங்கியது. ராத்திரி காற்றில் அதே உப்பு மறுபடி ஈரமானதும் பழைய இடத்துக்கே ஏறிவிட்டது. உப்பைக் கரைக்கத் தண்ணீர்தான் வேண்டும், அதுவும் உப்பில்லாத தண்ணீர். கார் பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்ட் வாட்டர் ஒரு லிட்டர் வாங்குங்கள். குழாய்த் தண்ணீரும் போர் தண்ணீரும் கூடாது.

செல்லை எடுத்துவிட்டு, போர்டை மட்டும் தனியே கழற்றுங்கள். சாவி மடங்குகிற பக்கத்து ஓட்டை, அதாவது பிளாஸ்டிக் உறையை, திறக்க வேண்டாம். உள்ளே முறுக்கிய ஸ்பிரிங் துள்ளி வெளியே வந்துவிட்டால் மறுபடி அதே முறுக்கில் உட்கார வைப்பது பெரும்பாடு. கிண்ணத்தில் போர்டு மூழ்குமளவு டிஸ்டில்ட் வாட்டரை ஊற்றி, லேசாகச் சூடாக்கி (கை பொறுக்கும் சூடு போதும்), பத்து நிமிடம் ஊற வையுங்கள். மெதுவான பல் துலக்கும் பிரஷ்ஷால் செல் தகட்டின் அடியிலும், போர்டில் உள்ள ஐசி சிப்பின் கால்களுக்கு இடையிலும், பட்டன் ஸ்விட்ச்சைச் சுற்றியும் தேயுங்கள். தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் இதையே இன்னும் இரண்டு முறை செய்யுங்கள். கடைசியாக ஆல்கஹாலில் அலசுங்கள். இப்போது அதற்கு வேலை உண்டு: இடுக்கில் நிற்கும் தண்ணீரை அது தன்னோடு கலந்து வெளியே கொண்டுவந்துவிடும். பிறகு ஃபேன் காற்றில் ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும். அரிசி டப்பாவில் புதைப்பதால் பயனில்லை, மாவுதான் ஒட்டும். ஹேர் டிரையரைக் கிட்டே பிடித்தால் பிளாஸ்டிக் வளையும். டபிள்யூடி-40 அடிக்கவே அடிக்காதீர்கள். அது உப்பை எடுக்காமல் மேலே எண்ணெய் பூசி மூடிவிடும்.

பச்சை பூத்த தகட்டைப் பென்சில் அழிரப்பரால் உலோகம் மின்னும்வரை தேய்த்து, தூளை ஊதிவிடுங்கள். செல்லைத் தொடும் நாக்கு தட்டையாகிப் போயிருந்தால் சாமணத்தால் ஒரு மில்லிமீட்டர் மேலே தூக்கி விடுங்கள். செல்லைப் போடும்போது இரண்டு முகத்திலும் விரல் படாமல் விளிம்பில் பிடியுங்கள்.

காசிமேடு_ஐஸ்பெட்டி

மூணு தண்ணி அலசி, ஒரு நாள் காயவச்சுப் போட்டேன். 2 மைக்ரோ ஆம்பியர்! நாலு நாளா காலையில காலையில அளக்கிறேன், ஏறவே இல்ல. ரொம்ப நன்றிண்ணா. இப்ப டிக்கி பட்டன் மட்டும் நாலு தடவை அமுக்கினா ஒரு தடவைதான் கேக்குது. லாக், அன்லாக் ரெண்டும் சுத்தமா வேலை செய்யுது.

மூன்றுவோல்ட்

அது அந்த ஸ்விட்ச்சோட உள் தகடு அரிச்சுப்போனது. செல்லை எடுத்துட்டு மீட்டரை 200 ஓம் ரேஞ்சுல வச்சு, அமுக்கினா இணையற ரெண்டு கால்லயும் முனைகளை வச்சு அமுக்குங்க. நல்ல ஸ்விட்ச் ஒண்ணு ரெண்டு ஓம்தான் காட்டும். பல பத்து ஓம்ல எண் ஆடிச்சுன்னா மாத்தணும். லாக் ஸ்விட்ச்சையும் அதே மாதிரி அளந்து ஒப்பிட்டா சந்தேகமே இருக்காது.

புது ஸ்விட்ச் வாங்கும்போது நீளம், அகலம் மட்டும் பார்த்துட்டு வந்துடாதீங்க. உயரம்தான் முக்கியம். அரை மில்லிமீட்டர் கூடினாலும் சாவி உறையை மூடினதும் பட்டன் அமுங்கியே நிக்கும், செல் மறுபடியும் தீரும். பழசைக் கழட்டி ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைக்கு எடுத்துட்டுப் போய் பக்கத்துல வச்சுப் பார்த்து வாங்குங்க. 25 வாட் சால்ட்ரிங் அயர்ன், கூர் முனை, கொஞ்சம் ஃபிளக்ஸ், ஒரு காலுக்கு மூணு வினாடிக்கு மேல சூடு வேண்டாம். பழக்கம் இல்லைன்னா மொபைல் சர்வீஸ் கடையில கொடுங்க, அவங்களுக்கு இது தினசரி வேலை.

பாரிமுனை_ஈயப்பத்து

ஓடு விரிசல் விட்டிருந்தால் அதையும் இப்போதே மாற்றுங்கள், இல்லையென்றால் உப்புத் தண்ணீர் மறுபடி அதே வழியாக உள்ளே போகும். வெறும் ஓடு மட்டும் தனியாகக் கிடைக்கும், ப்ரோகிராம் எதுவும் தேவைப்படாது. ஆனால் பழைய ஓட்டைத் தூக்கி எறிவதற்கு முன் அதன் உள்மூலைகளைத் தடவிப் பாருங்கள். கறுப்பாக, நகத்தைவிடச் சின்னதாக ஒரு துண்டோ, சின்னக் கண்ணாடிக் குழலோ ஒட்டியிருக்கலாம். அதுதான் இம்மொபிலைசர் சிப். சில சாவியில் அது போர்டிலேயே இருக்கும், சிலதில் ஓட்டில் இருக்கும். பிளேடால் நெம்பினால் உடையும், சுற்றியுள்ள பிளாஸ்டிக்கை வெட்டி எடுத்துப் புது ஓட்டில் அதே இடத்தில் வையுங்கள். அதைக் குப்பையில் போட்டுவிட்டால் கதவு திறக்கும், வண்டி மட்டும் ஸ்டார்ட் ஆகாது.

கழற்றிய மூன்று செல்லையும் வீட்டில் போட்டு வைக்க வேண்டாம். இரண்டு பக்கமும் செல்லோ டேப் ஒட்டி எலக்ட்ரானிக் கழிவு வாங்குகிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள். தீர்ந்துபோன செல்லைக் குழந்தை விழுங்கினாலும் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும். அப்படி ஒரு சந்தேகம் வந்தால்கூட வாந்தி எடுக்க வைக்காமல் நேராக ஸ்டான்லி மருத்துவமனைக்கோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.