லிபர்ஆஃபிஸ் கையேட்டுக்கு நான் எழுதி அனுப்பின ஆறு வரி

நான் ஸ்கூல்ல தமிழ் டீச்சருங்க, கோடிங் சுத்தமா தெரியாது. அத முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா சாஃப்ட்வேர் கையேடு எழுத உதவலாம்னு சொன்னா "எனக்கு ப்ரோக்ராம் எழுத வராது, நான் போயி என்ன பண்றது"ன்னு தான் நிறைய பேரு ஒதுங்கி நிக்கிறீங்க.

காலாண்டு பரீட்சைக்கு லிபர்ஆஃபிஸ் ரைட்டர்ல (வேர்டு மாதிரி, ஆனா இலவச சாஃப்ட்வேர்) கொஸ்டின் பேப்பர் அடிச்சிட்டிருந்தேன். ஸ்டைலுக்குள்ள போயி ஃபான்ட்ட மாத்தறேன், இங்கிலீஷ் எழுத்து மட்டும் மாறுது தமிழ் அப்படியே நிக்குது, சைஸ் 14 வச்சாலும் அதே கதை, ராத்திரி பதினோரு மணி வரைக்கும் இதே தான். அப்புறம் தான் புரிஞ்சுது, தமிழ், இந்தி, அரபி, தாய் எல்லாத்துக்கும் ஃபான்ட் தனி, சி.டி.எல்.னு (காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்) வேற பகுதியில இருக்கு. அது கண்ணுல படலேன்னா டூல்ஸ், ஆப்ஷன்ஸ்ல லாங்குவேஜ் பக்கம் போயி அத டிக் பண்ணணும்.

மறந்துடக் கூடாதுன்னு ஆறு வரியா எழுதி எங்க டீச்சர்ஸ் வாட்ஸப்ல போட்டேன். அத பாத்த பழைய மாணவன் ஒருத்தன் "டீச்சர் இத லிபர்ஆஃபிஸ் கையேடு எழுதறவங்களுக்கே அனுப்புங்க"ன்னான். லிபர்ஆஃபிஸ் 2010ல ஓப்பன்ஆஃபிஸ்ங்கற சாஃப்ட்வேர்ல இருந்து பிரிஞ்சு வந்தது, கையேடு எழுதறது பெரும்பாலும் தன்னார்வலர்கள் தான், அதையும் ரைட்டர்லயே எழுதறாங்க, ஒருத்தர் எழுதினத இன்னொருத்தர் சரிபார்ப்பாங்கன்னு அவன் சொல்லித்தான் தெரியும். எனக்கு வந்த இங்கிலீஷ்ல அனுப்பினேன். இங்கிலீஷ யாரும் குத்தம் சொல்லல, எந்த வெர்ஷன், எந்த மெனுன்னு தான் கேட்டாங்க.

சாஃப்ட்வேர் செஞ்சவருக்கு நாம எந்த எடத்துல புரியாம முழிப்போம்னு தெரியாதுங்க, அவரு கை தானா அந்த மெனுவுக்குப் போயிடும். நேத்து முழிச்ச நமக்குத் தான் அந்த எடம் தெரியும், ஒரு மாசம் போனா நமக்கும் மறந்துடும். அதனால முழிச்ச அன்னிக்கே எழுதி வச்சிடுங்க ப்ளீஸ்.

*

டீச்சர் சொல்றது ரொம்ப கரெக்ட். நான் ஃபயர்பாக்ஸ் ப்ரவுசரோட உதவிக் கட்டுரைல ஆரம்பிச்சேன், அக்கவுண்ட் இருந்தா யார் வேணா திருத்தலாம், ரிவ்யூ பண்றவங்க பாத்து ஓகே சொன்னா தான் வெளிய வரும், அதனால தப்பாயிடுமோன்னு பயமே வேணாம். முதல்ல பண்ணது ஒரே ஒரு வாக்கியம், ஒரு பட்டனோட பேரு மாறியிருந்தத சரி பண்ணேன், அவ்ளோ தான்.

டீச்சர், அந்த ஆறு வரிய இங்கயும் போடுங்களேன். எங்க சித்தி டிடிபி சென்டர் வச்சிருக்காங்க, அவங்களுக்கும் இதே ஃபான்ட் பிரச்சனை தான்.