வகுப்பறை கிராஃபீன் மின்தேக்கி: கடைசி நேரத்தில் காலை வாரியது எது?

கரித்தூள்:
நான் செய்தது லைட்ஸ்கிரைப் (டிவிடி மேல் லேசரால் படம் பொறிக்கும் டிரைவ்) முறைதான், 2012-இல் அமெரிக்காவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் எல்-காடியும் கானரும் காட்டியது. டிவிடி மேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாளில் கிராஃபீன் ஆக்சைடு (லேசர் பட்டால் கிராஃபீனாக, அதாவது மிக மெல்லிய கார்பன் தாளாக மாறுவது), ஆறு முறை லேசர், பொன்பழுப்புப் படலம் கருத்தாயிற்று. மின்பகுபொருளான அமில ஜெல்லைத் தடவி இரண்டு துண்டையும் சேர்த்து, 3 வோல்ட்டை நேராகக் கொடுத்ததும் உள்ளே குமிழ் குமிழாகக் கிளம்பியது. படலம் தாளை விட்டு அப்படியே உரிந்து வந்துவிட்டது. எல்இடி கண்சிமிட்டக்கூட இல்லை.

ஓம்விதி:
உரியாமல்? ஜெல்லில் இருப்பது தண்ணீர். 1.23 வோல்ட் தாண்டினால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வரத்தானே செய்யும். ஒரு செல்லுக்கு (ஒரு மின்தேக்கிக்கு) 1 வோல்ட், அவ்வளவுதான். சிவப்பு எல்இடிக்கு ஏறத்தாழ 1.8 வேண்டும், எனவே மூன்று செல்லைத் தொடராக இணைத்து 3 வோல்ட் கொடுங்கள். மூன்றும் ஒரே பரப்பில் இருக்கட்டும். கொள்ளளவு குறைந்த செல்தான் முதலில் வரம்பை மீறும்.

செம்புநாடா:
வோல்ட்டேஜ் சரியாக இருந்தும் சாகும். கிளிப்பைப் படலத்தில் நேராகக் கடிக்க விட்டால் அமிலம் ஊறிப்போய் கிளிப் பச்சை பூத்துவிடும். விளிம்பில் செம்பு டேப், அதன்மேல் பாலிஇமைடு (வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக்) டேப். ஜெல் அதற்கு 5 மி.மீ. முன்பே நிற்க வேண்டும்.

டிவிடிமணி:
லைட்ஸ்கிரைப் டிரைவெல்லாம் இப்போது பழைய சாமான் கடையில்தான். பாலிஇமைடு தாளை கார்பன் டை ஆக்சைடு லேசரால் சுட்டாலே கிராஃபீன் வரும், 2014-இல் ரைஸ் பல்கலைக்கழகம் காட்டிவிட்டது. இன்னும் டிவிடியைப் பிடித்துத் தொங்குவானேன்?

கரித்தூள்:
லேசர் வெட்டும் இயந்திரம் எந்தப் பள்ளியில் இருக்கிறது, சொல்லுங்கள்.

ஜெல்பிரியன்:
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் ஜெல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாலிவினைல் ஆல்கஹால் 1 கிராம், தண்ணீர் 10 மில்லி. தூளைச் சுடுநீரில் கொட்டினால் வெளியே பிசினும் உள்ளே மாவுமாகக் கட்டி தட்டும். குளிர்ந்த நீரில் தூவி, கலக்கிக்கொண்டே 85–90 டிகிரிக்கு ஏற்றுங்கள். கண்ணாடிபோல் தெளிந்து ஆறிய பிறகு பாஸ்பாரிக் அமிலம் 1 கிராம். இரு தகட்டிலும் தடவி, விரல் ஒட்டும் பதம் வரும்வரை காயவிட்டு அழுத்துங்கள். ஈரத்தோடு அழுத்தினால் ஜெல் பிதுங்கி, படலங்கள் இரண்டும் தொட்டு ஷார்ட். கிராஃபீன் ஆக்சைடைக் கடையில் வாங்குங்கள். கிராஃபைட்டிலிருந்து அதை நாமே தயாரிக்கும் ஹம்மர்ஸ் முறை வகுப்பறைக்கு வேண்டவே வேண்டாம். பெர்மாங்கனேட்டும் அடர் கந்தக அமிலமும் சேர்ந்தால் மாங்கனீசு ஹெப்டாக்சைடு, சூடேறினால் வெடிக்கும்.

ஓம்விதி:
மல்டிமீட்டரின் கெப்பாசிட்டன்ஸ் அளவையும் நம்பாதீர்கள், கசிவு அதைக் குழப்பும். 1 வோல்ட் ஏற்றி, 1 கிலோஓம் வழியே இறக்கி, 0.37 வோல்ட் வரும் நேரத்தைக் குறியுங்கள். எத்தனை விநாடியோ அத்தனை மில்லிஃபாரட்.