எஞ்சின் சூடானால் ஆயில் லைட் மினுக்குகிறது, ஓட்டலாமா?

தோட்டத்துப்பையன்:
வணக்கம். மலேசியாவில் பீடோர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறேன், ஆலையில் ஷிப்ட் வேலை. இத்தனை நாள் கப்சாய் என்கிற சின்ன வண்டிதான் ஓட்டினேன். மூன்று மாதம் முன்பு பழைய 400 சிசி மோட்டார்சைக்கிள் ஒன்று வாங்கினேன். நான்கு சிலிண்டர், கார்புரேட்டர் வண்டி. இரண்டு வாரம் முன்பு டவுனில் ஒரு கடையில் மினியாக் ஹீத்தாமும் (எஞ்சின் எண்ணெய்) ஃபில்டரும் மாற்றினேன்.

புதன்கிழமை ரிங்லெட்டில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு மலை இறங்கி, தாப்பா சிக்னலில் நின்றேன். அப்போது சிவப்பு ஆயில் லைட் மினுக்கியது. கொஞ்சம் முறுக்கினால் அணைகிறது, விட்டால் மறுபடி வருகிறது. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வருவதே இல்லை. சைட் ஸ்டாண்டில் வைத்து, எஞ்சினின் வலது பக்கம் எண்ணெய் மட்டம் காட்டும் கண்ணாடியில் பார்த்தேன், எண்ணெய் நடுவில் நிற்கிறது. சுவிட்ச் கெட்டிருக்கும், 60 வெள்ளி (ரிங்கிட்), மாற்றிவிடலாம் என்கிறார் கடைக்காரர். இன்று இரவு ஷிப்ட். ஓட்டலாமா?

கம்பார்வாசி:
எனக்கும் இப்படி வந்திருக்கிறது. ஃபில்டர் மாற்றிக் கோடு வரை ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு மறுபடி பார்க்காமல் கொடுத்துவிட்டார்கள். காலி ஃபில்டர் கொஞ்சம் எண்ணெயைக் குடித்துவிடும், மட்டம் இறங்கிவிடும். அரை லிட்டர் ஊற்றிப் பாருங்கள்.

பழைய_பிட்டர்:
தம்பி, இன்று ஓட்டாதே. யாராவது நண்பர் பின்னால் உட்கார்ந்து போ. எண்ணெயும் ஊற்றாதே.

நீ எழுதியதில் ஒன்று என்னை உறுத்துகிறது. சைட் ஸ்டாண்டில் வண்டி இடது பக்கம் சாயும், எண்ணெயும் இடது பக்கம் ஓடும். வலது பக்கக் கண்ணாடியில் மட்டம் குறைவாகத்தான் தெரிய வேண்டும். உனக்கு நடுவில் தெரிகிறது. அப்படியென்றால் வண்டியை நிமிர்த்தினால் மேல் கோட்டைத் தாண்டி நிற்கும். எண்ணெய் குறையவில்லை, கூடியிருக்கிறது. இரண்டு வாரத்தில் எண்ணெய் தானாகக் கூடுமா? கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் ஒழுகி எஞ்சின் எண்ணெய்க்குள் இறங்கினால் கூடும்.

நடு ஸ்டாண்டில் போட்டு, ஐந்து நிமிடம் விட்டுக் கண்ணாடியைப் பார். பிறகு எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து மோந்து பார். பெட்ரோல் வாடை அடித்தால் சந்தேகமே வேண்டாம். சிகரெட், கொசுவத்தி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

அந்த லைட் எண்ணெயின் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைக் காட்டுகிறது. சாவி போட்டதும் எரியும், எஞ்சின் பிடித்து அழுத்தம் ஏறியதும் சுவிட்ச் விலகி அணைந்துவிடும். பெட்ரோல் கலந்த எண்ணெய் தண்ணீர் மாதிரி நீர்த்துவிடும். குளிரில் எப்படியோ தாங்கும். சூடேறி, எஞ்சின் மெதுவாக ஓடும்போது பம்ப் தள்ளுவது போதாது. நீ சொன்ன குறி அத்தனையும் இதுதான். வயர் உரசி பாடியில் பட்டிருந்தால், முறுக்குவதற்கும் லைட் அணைவதற்கும் சம்பந்தம் இருக்காது. சுவிட்ச் கெட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதைக் கழற்றிய துளையில் கேஜ் மாட்டி அழுத்தத்தை அளந்து பார்க்காமல் சுவிட்சுக்குக் காசு கொடுக்காதே.

கப்சாய் ஓட்டிய கை இது என்பதால் சொல்கிறேன். கப்சாயில் கிராங்குக்கு, அதாவது பிஸ்டன் சுற்றவைக்கும் தண்டுக்கு, உருளும் பேரிங், எண்ணெய் கொஞ்சம் ஏமாற்றினாலும் பொறுத்துக்கொள்ளும். உன் வண்டியில் கிராங்க், உருளைகள் இல்லாத வெறும் உலோக ஓட்டுக்குள் சுற்றுகிறது. நடுவில் இருக்கும் மெல்லிய எண்ணெய்ப் படலம்தான் அதைத் தாங்குகிறது. அழுத்தம் போனால் இரும்பும் ஓடும் ஒட்டி உரசும். ஒருவர் லைட்டைப் பார்த்துக்கொண்டே சிலிம் ரிவர் வரை ஓட்டிப்போன எஞ்சினை நான் பிரித்திருக்கிறேன். வெள்ளி நிற ஓடு முழுதும் தேய்ந்து செம்பு தெரிந்தது, கிராங்கில் நகம் மாட்டும் அளவு கீறல். நீ வேலை செய்யும் ஆலையில் டர்பைனுக்கு எண்ணெய் அழுத்தம் இறங்கினால் அதுவே நின்றுகொள்ளும். மோட்டாரில் லைட் மட்டும்தான், நிறுத்துவது உன் கையில் இருக்கிறது.

இன்னொன்று, நிறுத்தும்போது டாங்கிக்குக் கீழே இருக்கும் பெட்ரோல் குழாயை மூடுகிறாயா?

தோட்டத்துப்பையன்:
ஐயா, மூடியதே இல்லை. மூட வேண்டும் என்றே தெரியாது. நடு ஸ்டாண்டில் போட்டேன், கண்ணாடி முழுக்க எண்ணெய், மேல் கோடே தெரியவில்லை. மூடியைத் திறந்ததும் பெட்ரோல் வாடை குப்பென்று வந்தது. ஸ்டார்ட் செய்யவில்லை. லோரியில் ஏற்றி வேறு பட்டறைக்குக் கொண்டுபோகிறேன்.

கம்பார்வாசி:
தம்பி, அரை லிட்டர் ஊற்றச் சொன்னது என் தவறு. நல்லவேளை நீங்கள் ஊற்றவில்லை.

பழைய_பிட்டர்:
நல்லது, ஸ்டார்ட் செய்யாமல் இருந்தாயே. கார்புரேட்டரில் பெட்ரோல் நிறைந்ததும் அதை அடைக்கும் மிதவை ஊசி நான்கையும் பார்க்கச் சொல். எண்ணெயோடு ஃபில்டரையும் மாற்று, அதற்குள்ளும் பெட்ரோல் கலந்த எண்ணெய்தான் இருக்கும். 10டபிள்யூ-40 எண்ணெய் போதும், டின்னில் ஜாசோ எம்ஏ (மோட்டார்சைக்கிள் கிளட்சுக்கு ஏற்ற தரம்) என்று இருக்கிறதா பார். கார் எண்ணெய் ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம்.

தோட்டத்துப்பையன்:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். மூன்றாவது கார்புரேட்டர் ஊசியைப் பட்டறைக்காரர் என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். ரப்பர் முனையைச் சுற்றி மோதிரம் போட்டது போல ஒரு பள்ளம். குழாயிலும் ஒழுக்கு இருந்தது. எல்லாம் மாற்றி, எண்ணெயும் ஃபில்டரும் சேர்த்து 310 வெள்ளி ஆனது. சுவிட்ச் துளையில் கேஜ் மாட்டி, சூடாக்கி அளந்தார், மெனுவலில் போட்டிருக்கும் அளவுக்குள் இருக்கிறது. பழைய சுவிட்சையே திரும்பப் போட்டார்.

நேற்று ரிங்லெட் போய் வந்தேன். தாப்பாவில் அதே சிக்னலில் ஓரமாக ஒதுங்கி, எஞ்சினை ஓடவிட்டு ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். லைட் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் குழாயை மூடினேன். ரொம்ப நன்றி ஐயா.